கோணி காய்ந்த மூன்றாம் நாள்

இப்போது உங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி அசிஸ்டெண்ட் என்று மரியாதையான பெயர் வந்துவிட்டது. எங்கள் காலத்தில் டிரஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன் என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் மலேரியா, பிரசவம், பாம்புக்கடி, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாமே என் மேஜைக்குத்தான் வரும். டாக்டர் துரை ஈப்போவிலிருந்து வியாழக்கிழமை தோறும் காரில் வருவார். ஒரு மணி நேரம் இருப்பார், கை கழுவுவார், போய்விடுவார். மற்ற ஆறு நாளும் நான்தான் டாக்டர். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடக்கப்போவதைப் புரிந்துகொள்ள அது உதவும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்த கதை. எங்கள் ரப்பர் தோட்டம் ஈப்போவிலிருந்து பதினாறு மைல் தள்ளி, சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் இருந்தது. நடுப்பகலிலும் மரங்களுக்குள் வெளிச்சம் பாதிதான் இறங்கும். காய் முற்றும் மாதங்களில் வெயில் ஏற ஏற ரப்பர் காய்கள் கிளையிலேயே 'டப்' என்று வெடித்துக் கொட்டையைச் சிதறடிக்கும். புதிதாக வந்தவர்கள் யாரோ கல்லெறிகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். நானும் முதல் வருஷம் பார்த்திருக்கிறேன்.

பெரட்டு

தோட்டத்தில் பொழுது விடிவதே பெரட்டில்தான். இருட்டு பிரியும் நேரத்தில் எல்லா ஆட்களும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள். "வந்தேங்க" என்று பதில் சொல்ல வேண்டும். வராத ஆளுக்கு அதே வீட்டில் இருக்கிற ஒருவர் பதில் சொல்லலாம். "காய்ச்சல்ங்க" என்றோ, "புள்ள பெத்திருக்குங்க" என்றோ காரணம் சொல்லிவிட்டால் போதும். யார் பதில் சொன்னாரோ அந்த ஆளுக்கு அவர்தான் பொறுப்பு. காய்ச்சல் என்று பதில் வந்தால் இன்னொரு விதியும் உண்டு. பெரட்டு முடிந்ததும் டிரஸர் நேராக ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அந்த ஆளைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி புத்தகத்தில் "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் மலேரியாவுக்கான கொய்னா மருந்து வாளியும் குவளையுமாகக் களத்தின் ஓரத்தில் நிற்பேன். வரிசையாக வந்து குடித்துவிட்டுத்தான் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போக வேண்டும்.

பெயர் கூப்பிடுவது அப்போது ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியின் வேலை. பெரிய புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசிப்பார். அவருக்கு முன்னால் பல வருஷம் அந்த வேலையைச் செய்தவர் வீராசாமி. படிப்பு கிடையாது. தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரையும், கப்பலில் வந்து இறங்கிய வரிசைப்படி, வீடு வீடாக மனப்பாடமாகக் கூப்பிடுவார். ஒரு பெயர் தவறாதாம். நான் வந்தபோது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. அதே களத்தைக் கூட்டிப் பெருக்குவதுதான் அவருக்குக் கொடுத்திருந்த லேசான வேலை.

அவருடைய ஒரே மகன் தங்கவேலு காய்ச்சலில் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மருமகள் அஞ்சலை பால்வெட்டுக்காரி. பிள்ளை இல்லை. கடைசி லயத்தின் கடைசி அறையில் மாமனாரும் மருமகளும் மட்டும் இருந்தார்கள்.

பத்துச் சொட்டு

ஒரு நாள் அஞ்சலை இருமல் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இருமவே இல்லை. மற்றவர்கள் போகிற வரைக்கும் சுவரோரம் நின்றாள்.

"ஐயா, மாமாவுக்குத் தண்ணி நிக்க மாட்டேங்குது."

"எத்தன நாளா?"

"மூணு மாசம் இருக்கும்ங்க. பகல்ல சொட்டிக்கிட்டே இருக்கு. படுத்தா கோணி நனைஞ்சு போகுது. விடியறதுக்குள்ள நான் அலசிப் போட்டுருவேன். யாருக்கும் தெரியாது."

எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மனுஷன் மூன்று மாதமாக யாருடனும் உட்கார்ந்து பேசுவதில்லை. காற்று வீசும் பக்கம் பார்த்துத் தள்ளி நின்றுதான் பேசுவார். பெரட்டுக்குப் பிறகு கொடுக்கும் காப்பியை வாங்கி, யாரும் பார்க்காதபோது மரத்தடியில் ஊற்றிவிடுவார். குடித்தால்தானே சொட்டும் என்று அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார். உதடு வெடித்துக் கிடந்தது.

அந்த வாரம் தோட்டத்து மானேஜர் துரை லயங்களைச் சுற்றிப் பார்க்க வந்தார். எங்கள் துரைக்குத் தமிழ் நன்றாக வரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. கடைசி அறைக்கு வெளியே நின்று மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்.

"டிரஸர், இந்த ஆள் ரொம்ப நாத்தம். லயம் அசிங்கம். நான் ரெண்டு வாரம் பாக்கறான். சரி ஆகல்ல, கப்பல் லிஸ்ட்."

வேலைக்கு ஆகாதவர்களை ஊருக்கே திருப்பி அனுப்பும் பட்டியல்தான் கப்பல் லிஸ்ட். பினாங்கில் ஏற்றினால் நாகப்பட்டணத்தில் இறக்கிவிடுவார்கள். வீராசாமி பால்மரம் வருவதற்கு முன்பே, பாரிட் புந்தார் பக்கம் கரும்புத் தோட்டங்கள் இருந்த காலத்தில் கப்பலேறி வந்தவர். ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் ஒருவர்கூட உயிரோடு இருக்க வாய்ப்பில்லை.

அஞ்சலை மறுநாள் பால்வாளியோடு நேரே என்னிடம் வந்தாள். இருமல் என்று சொல்லக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை.

"அவரு போயிட்டா எனக்கு யாருங்க இருக்கா? நாகப்பட்டணத்துல எறங்கி, யாரு வீட்டுக்குப் போகணும்னு கேட்டா, அவரு யாரு பேரச் சொல்லுவாரு?"

எனக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆனால் நான் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த அறைக்குப் போய் அவரைப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? கிராணியின் மகன் படுக்கையை நனைத்தபோது பெல்லடோனா டிங்சர் கொடுத்தேன், நின்றது. ஒழுகுகிற குழாய்க்கு அடைப்புப் போட்டால் தீர்ந்தது, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். சின்ன பாட்டிலில் ஊற்றி அவளிடம் கொடுத்தேன்.

"வேளைக்குப் பத்துச் சொட்டு, மூணு வேளை. தண்ணியக் கொறச்சுக் குடு."

முதல் நாள் கோணி பாதி நனைந்தது. இரண்டாம் நாள் ஓரம் மட்டும். மூன்றாம் நாள் காலை அஞ்சலை கோணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பெரட்டுக் களத்துக்கே வந்துவிட்டாள். விரித்துக் காட்டினாள். மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. வெட்கமில்லாமல் நான் அதை முகர்ந்துகூடப் பார்த்தேன்.

"ஐயா, கப்பல் லிஸ்ட்டு?"

"நான் சொல்லிக்கிறேன், போ."

துரையிடம் சொன்னேன். "குட் டிரஸர்" என்றார். அன்று காலை முழுக்க நான் விசில் அடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். போய்க்கொண்டிருந்த தண்ணீர் இப்போது எங்கே போகிறது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

மத்தியானப் பெயர்கள்

அன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மழைக்கு முந்திய புழுக்கம். ஆயாக்கொட்டாயில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாப்பாத்தியம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஐயா, வீராசாமி அண்ணே பெரட்டு எடுக்குறாரு."

"ரெண்டு மணிக்கு எந்தப் பெரட்டு?"

"வந்து பாருங்க. யாரக் கூப்புடுறாருன்னு வந்து கேளுங்க."

களத்தின் நடுவில், கூப்பிடுகிறவர் நிற்கும் இடத்தில் வீராசாமி நின்றிருந்தார். முகம் செக்கச் சிவந்திருந்தது. வியர்வை ஒரு பொட்டு இல்லை. உடம்பு இலேசாக முன்னால் வளைந்து, ஒரு கை தொடையை அழுத்தியிருந்தது. இன்னொரு கை காற்றில் எதையோ நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்து திரும்பியிருந்த ஆட்கள் களத்துக்குள் கால் வைக்காமல் ஓரத்தில் கும்பலாக நின்றார்கள்.

"முத்தம்மா" என்று கூப்பிட்டார். காதைச் சாய்த்துக் காத்திருந்தார்.

மரங்களுக்குள் ஒரு காய் வெடித்தது.

தலையை ஆட்டினார். ஒரு விரலை மடக்கினார். "காளியப்பன்."

டப்.

"பெரியநாயகி."

டப்.

பாப்பாத்தியம்மா என் காதருகே சொல்லிக்கொண்டே வந்தார். "முத்தம்மா மொதக் காடு வெட்டுனப்ப காய்ச்சல்ல போனவ. காளியப்பன் மேல மரம் விழுந்துச்சு. பெரியநாயகி புள்ளப் பேத்துல. ஐயா, எல்லாம் செத்தவங்க. இருக்கறவங்களத் தாண்டித் தாண்டிப் போறாருய்யா."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கப்பல் வரிசை தவறவில்லை, வீட்டு வரிசை தவறவில்லை. எதிரில் நிற்கிற ஒருவர் பெயர்கூட அவர் வாயில் வரவில்லை. நான் வேதக்காரன். பேய் பிசாசெல்லாம் எனக்கு ஆகாது. இருந்தும் என் கை சட்டைக்குள் இருந்த சிலுவையைத் தேடிப் போனது உண்மை.

சில பெயர்களுக்குப் பிறகு அவர் ஓரமாக நகர்ந்து நின்றார். அடுத்து வருகிறவர்களுக்கு இடம் விடுகிற மாதிரி.

"தங்கவேலு."

காத்திருந்தார். ஒன்றும் வெடிக்கவில்லை.

"தங்கவேலு."

அத்தனை நேரம் இங்கும் அங்கும் வெடித்துக்கொண்டிருந்த தோட்டம் அப்படியே அடங்கிப் போயிருந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்ததால் இருக்கும் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அப்படித் தோன்றவில்லை.

"தங்கவேலு. யாரு பதிலு? அந்த வீட்டு ஆளு யாரு?"

பெரட்டில் எப்போதும் கேட்கிற கேள்விதான் அது. கும்பலுக்குள் அஞ்சலை ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் வாய் திறக்கும்போதே இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து வாயைப் பொத்தினார்கள்.

"சொல்லாதடி! பதில் சொன்னா உன்னையும் சேத்துக்குவாங்கடி!"

கிழவர் விடவில்லை. அதே பெயரை, அதே குரலில், மறுபடி மறுபடி கூப்பிட்டார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. எனக்குத் தாங்கவில்லை. இதை எப்படியாவது முடிக்க வேண்டும் என்று, "காய்ச்சல்ங்க!" என்று நான் கத்தினேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

வீராசாமி என் பக்கம் திரும்பினார். அந்தக் கண்களை நான் மறக்கவில்லை. பழுப்பு நிறமே இல்லை, முழுக்கக் கறுப்பு. என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் யாரையோ பார்த்தார்.

"சரி" என்றார். விரலை மடக்கினார். "அஞ்சலை."

எங்கள் தலைக்கு நேர்மேலே ஒரு காய் வெடித்துக் கொட்டை களத்தில் வந்து விழுந்தது.

பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். அஞ்சலை நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பாய்ந்து போய்க் கிழவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக் களத்தை விட்டு இழுத்தேன். என் கை அவர் தொப்புளுக்குக் கீழே அழுந்தியது. அவர் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒட்டிப்போன அந்த வயிற்றில், கைலிக்கு அடியில், ஆறு மாதக் கர்ப்பிணியின் வயிறு போல உருண்டையாக, கல்லாக ஒன்று இருந்தது. விரலால் தட்டினேன். கனத்த சத்தம். மூத்திரப் பை. தொப்புள் வரைக்கும் நிரம்பி நின்றது.

மூன்று மாதமாகச் சொட்டியது, பை அடக்க முடியாமல் விட்டதால் அல்ல. வெளியே போகும் வழி அடைத்து, பை நிரம்பி, மேலே வழிந்ததுதான் சொட்டு. மழைப் பீப்பாய் நிரம்பி விளிம்பில் வழிவது மாதிரி. அந்தக் கிழவரின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததே அந்தச் சொட்டுதான். அதைத்தான் நான் பத்துச் சொட்டு மருந்து கொடுத்து நிறுத்தினேன். பெல்லடோனா பையின் பிடிப்பைத் தளர்த்தும், வாயை உலர்த்தும், கண்பாவையை விரிக்கும், வயதானவர்களுக்கு இல்லாத ஆட்களைக் காட்டும். எல்லாமே நான் படித்ததுதான். ஒரே பக்கத்தில் இருந்தது.

ரப்பர் குழாய்

ஆபீஸிலிருந்து ஈப்போவுக்குப் போன் போட்டேன். டாக்டர் துரை கமுந்திங் பக்கம் போயிருக்கிறார், நாளைக்குத்தான் ஈப்போவுக்கே திரும்புவார் என்றார்கள். நாளை வரைக்கும் கிழவர் தாங்குவாரா என்று எனக்குத் தெரியாது. பை கிழிந்தும் போகலாம், விஷம் இரத்தத்தில் ஏறியும் போகலாம். குழாய் போடுவதைப் பயிற்சியில் நான்கு தடவை செய்திருக்கிறேன். நான்கு தடவையும் பக்கத்தில் பெரியவர்கள் இருந்தார்கள்.

சிவப்பு ரப்பர் குழாய்களைக் கொதிக்க வைத்தேன். இங்கே வெட்டிய பால் சீமைக்குப் போய்க் குழாயாகத் திரும்பி வந்திருக்கும் என்று சம்பந்தமில்லாமல் ஒரு நினைப்பு ஓடியது. அஞ்சலை அடுப்பருகே நின்று வெந்நீர் ஊற்றினாள். யாரும் அவளோடு வரவில்லை.

"ஐயா, நான் செத்துருவனாங்க?"

"என்ன பேச்சு இது?"

"பேரக் கூப்பிட்டுட்டாரே. பதிலும் வந்துருச்சே."

"அவரு கூப்புடல அஞ்சல. நான் குடுத்த மருந்து கூப்புட்டுச்சு. தப்பு என்னுது."

வாயை விட்டு வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிந்தது. வாசலில் நின்ற நாலைந்து பேரும் கேட்டார்கள். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

கையை லைசாலில் கழுவினேன். குழாயில் கார்பாலிக் எண்ணெய் தடவினேன். முதல் குழாய் பாதி வழியில் நின்றுவிட்டது. தள்ளவில்லை. தள்ளினால் கிழித்துவிடும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தலையில் குட்டிச் சொன்னது நினைவிருந்தது. எடுத்துவிட்டு முனை சற்று வளைந்த இன்னொன்றை எடுத்தேன். மெதுவாக, முனை மேல்பக்கம் பார்க்க, அவர் மூச்சு விடும்போது மட்டும் நகர்த்தி, நகர்த்தி. ஏதோ ஒன்று விலகி இடம் கொடுத்தது. எனாமல் பேசினில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் அழுதேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

மொத்தத்தையும் ஒரேயடியாக வடிக்கவில்லை. அத்தனை நாள் விரிந்திருந்த பை சட்டென்று காலியானால் இரத்தம் கசியலாம், ஆள் மயங்கலாம். கொஞ்சம் விட்டுக் குழாயை நசுக்கிப் பிடித்தேன், நாடி பார்த்தேன், மறுபடி கொஞ்சம் விட்டேன். இரண்டரை பேசின் வந்தது. பாதியிலேயே மழை பிடித்துக்கொண்டது. காற்றில் நூல் பிரித்துக்கொண்டிருந்த கை மெல்ல மார்பில் வந்து படுத்தது. அஞ்சலை துணியை நனைத்து அவர் உதட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

பதில் சொன்ன ஆள்

மறுநாள் சாயங்காலம் அவருக்குத் தெளிந்தது. கண்பாவை சுருங்கி, பழுப்பு நிறம் திரும்பியிருந்தது. தண்ணீர் கேட்டார். முழுக் குவளை கொடுத்தேன். பயந்து பயந்து குடித்தார். அஞ்சலை கஞ்சி எடுக்கப் போயிருந்தாள்.

"டிரஸர் ஐயா, நேத்து நீங்கதான பதில் சொன்னீங்க?"

ஒன்றும் நினைவிருக்காது என்று நினைத்திருந்தேன்.

"எதுக்குப் பெரியவரே?"

"தங்கவேலுக்கு. காய்ச்சல்னு சொன்னீங்க." கோபமில்லை, பெரட்டில் கேட்கிற சாதாரணக் குரல்தான். "பதில் சொன்ன ஆளுதான் பொறுப்பு. போயி அவனப் பாத்தீங்களா?"

இதுவரைக்கும் எழுதாத ஒன்றை இங்கே எழுத வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன், நான் அந்தத் தோட்டத்துக்கு வந்த புதிதில், ஒரு காலைப் பெரட்டில் தங்கவேலு பெயருக்கு அஞ்சலை "காய்ச்சல்ங்க" என்று பதில் சொன்னாள். பெரட்டு முடிந்ததும் நான் லயத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மழை, சேறு, கடைசி லயம். கொய்னா மாத்திரையை அவள் கையில் கொடுத்து அனுப்பினேன். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் பெரட்டில் அந்தப் பெயருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறியிருந்தது. ஆஸ்பத்திரி புத்தகத்தில் இரண்டு நாளுக்கும் "பார்த்தேன்" என்று என் கையெழுத்து இருக்கிறது. போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். அது எனக்குத் தெரியாது.

"பாக்கல" என்றேன்.

"தெரியும். அதான் அவன் பேருக்கு மட்டும் சத்தமே வரல" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் துரை வந்தார். பின்வழியாக விரல் விட்டுப் பார்த்துவிட்டு, பிராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெரிக்கிறது, வயதான ஆண்களுக்கு வரும் என்றார். என்னைப் பார்த்து, "மருந்து எழுதும்போது உன் இன்னொரு கை எங்கே இருந்தது?" என்று கேட்டார். மேஜைமேல் இருந்தது என்று நான் சொல்லவில்லை. காலையும் மாலையும் குழாய் போட்டு வடிக்கச் சொன்னார். தோட்டத்துத் துரையிடம், லேசான வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்தார். கப்பல் லிஸ்ட்டில் வீராசாமி பெயர் ஏறவில்லை.

இரண்டு மாதத்தில் கிழவர் குழாயைத் தானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார். காலையில் கொதிக்க வைத்து, சுத்தமான துணியில் சுற்றி, தகர டப்பாவில் இடுப்பில் செருகிக்கொண்டு களம் பெருக்குவார். மற்றவர்களோடு உட்கார்ந்து காப்பி குடித்தார்.

அதற்குப் பிறகு வயதானவர்கள் யார் வந்தாலும் நானே கேட்பேன். அவர்களாகச் சொல்லமாட்டார்கள், செத்தாலும் சொல்லமாட்டார்கள். கேட்கக் கேட்கத்தான், ஒழுகுகிறது என்ற ஒரே பேச்சுக்குள் எத்தனை விதம் இருக்கிறது என்று தெரிந்தது. பாப்பாத்தியம்மாவுக்கு இருமினாலும் தும்மினாலும் பிள்ளையைத் தூக்கினாலும் கசிந்தது. ஏழு பெற்ற உடம்பு. மூத்திரத்தை அடக்குவதுபோல அடிப்பகுதியை இறுக்கிப் பிடித்து விடச் சொல்லித் தினமும் பழக வைத்தேன், குறைந்தது. இன்னொருவர் போன இடத்தில் எறும்பு மொய்த்தது, அது சர்க்கரை. ஒருவருக்கு ஒரு வாரமாக மலம் இறுகி உள்ளே இருந்து பையை அழுத்தியது. நிறையப் பேருக்கு நோயே இல்லை. கக்கூஸ் தூரம், படி வழுக்கல், முழங்கால் வலி, அவ்வளவுதான். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு தகர டின்னும், அவசரம் வருவதற்கு முன்பே நேரம் பார்த்துப் போகிற பழக்கமும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. தண்ணீரை மட்டும் யாருக்கும் குறைக்கச் சொல்லவில்லை. எல்லோருக்கும் மேஜையை விட்டு எழுந்துபோய், அவர்கள் மூத்திரம் போய்விட்டு வந்த பிறகு, தொப்புளுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தேன். நீங்களும் வையுங்கள். சொட்டுகிற பை காலியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, காய்ந்த கோணி குணமாகிவிட்டது என்றும் அர்த்தமில்லை. காய்ச்சல் என்று பெரட்டில் பதில் வந்த ஒரு ஆளையும் அதற்குப் பிறகு நான் பார்க்காமல் விட்டதில்லை.

அஞ்சலை சாகவில்லை. இப்போது ஈப்போவில் இருக்கிறாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. கோவில் பக்கம் பார்த்தால், "பேரு கூப்பிட்டு இத்தன வருஷமாச்சு ஐயா, இன்னும் ஆள் அனுப்பலயே" என்று சிரிப்பாள்.

வீராசாமி மேலும் நான்கு வருஷம் இருந்தார். கடைசியில் பையில் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் அவர் பக்கத்திலேயே இருந்தேன். நாலாம் நாள் இருட்டு பிரிவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டார். அவர் கண்ணை மூடிவிட்டு, அஞ்சலையை அவரோடு விட்டுவிட்டு, கொய்னா வாளியைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்கு வந்தேன். கிராணிக்கு இன்னும் சேதி போகவில்லை. புத்தகத்தில் பெயர் அப்படியே இருந்தது.

"வீராசாமி" என்று வாசித்தார்.

லயத்து ஆட்களுக்குத் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை.

"வீராசாமி. யாரு பதிலு?"

"பாத்துட்டேங்க" என்றேன்.

கிராணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அது பெரட்டில் சொல்லும் பதில் இல்லை. அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் மரங்களுக்குள் எங்கேயோ ஒரு காய் வெடித்தது. பனியில் நனைந்த விடியற்காலை அது. காய் வெடிக்க வெயில் வேண்டும்.